வண்டின் குலம் தெரியாமல் மருந்து அடிக்கலாமா?

தென்னை வைத்திருப்பவர்களுக்கு வண்டு என்ற சொல்லே பிடிக்காது. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து நாசம் செய்கிறது. சிவப்புக் கூன் வண்டு மரத்தையே சாய்த்துவிடுகிறது. இந்த இரண்டிடமும் பட்ட அனுபவத்தால், ஓலையில் எந்த வண்டு ஊர்ந்தாலும் அதைப் பகையாளி என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எதைத் தின்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கால் மருந்துக் கடையை நோக்கி நடக்கிறது. மணிமங்கலம், படப்பை, அகரம்தென், மாடம்பாக்கம் பக்கத்துத் தோப்புகளானாலும் சரி, தாம்பரத்தைச் சுற்றி வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாலைந்து மரங்களானாலும் சரி, இந்த அவசரத்திற்கு விலக்கில்லை.

அப்படி வீணாகச் சாகக்கூடிய வண்டுகளில் ஒன்று கடுகளவே இருக்கும். கறுப்பாக, பளபளப்பாக, உருண்டையாக இருக்கும். அது ஓலையைத் தின்பதில்லை. ஓலையின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சியைத் தின்கிறது. சம்பளம் கேட்காத காவலாளி என்றே அதைச் சொல்ல வேண்டும். இந்த வண்டு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பூச்சி நூல் வல்லுநர்களிடையே நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்தது. அந்த வழக்கு உழவனுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். உண்மையில் அது அவன் பையில் உள்ள காசைத் தொடும் வழக்கு.

செதிலுக்குள் ஒளிந்திருக்கும் திருடன்

தென்னஞ் செதில் பூச்சி தாக்கிய மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். கீழ் அடுக்கு மட்டைகளில் கீற்றின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள் விழும். பிறகு அவை ஒன்று சேர்ந்து கீற்று முழுவதும் மஞ்சளித்துக் காயும். கீற்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக, மெல்லிய கண்ணாடித் தாள் ஒட்டினாற்போலச் செதில்கள் இருக்கும். ஊசி முனையால் ஒரு செதிலை நெம்பினால் உள்ளே மஞ்சள் நிறத்தில் ஓர் உயிர் இருக்கும். வளர்ந்த பெண் பூச்சிக்குக் கால் கிடையாது. ஒட்டிய இடத்திலேயே வாயை ஊன்றிச் சாறு உறிஞ்சி, செதிலுக்கு அடியிலேயே முட்டையிட்டு மடியும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மட்டும் சிறிது நேரம் நடமாடும். காற்றும் அதை மரத்துக்கு மரம் கொண்டு போகும். ஏற்ற பருவத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. இதே பூச்சி மா, கொய்யா, வாழை, பப்பாளி ஆகியவற்றிலும் ஒட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓலை பிசுபிசுத்து, மேலே கரும்பூசணம் படிந்திருந்தால் அது இந்தச் செதில் பூச்சியின் வேலை அல்ல. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, மென் செதில் பூச்சி போன்றவையே தேன் போன்ற கழிவை விடுகின்றன. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் பல மாவட்டங்களுக்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ அத்தகையது. கெட்டியான செதில் கொண்ட பூச்சி தேன் கழிவு விடுவதில்லை. ஆகவே மஞ்சளித்த ஓலையெல்லாம் ஒரே நோய் என்று எண்ணி ஒரே மருந்தை வாங்குவது முதல் தவறு.

கடுகளவு வண்டு

மேலே சொன்ன கறுப்பு வண்டு சைபோசெபாலிடே என்ற சிறு குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறக்குறைய 4 லட்சம். அவற்றில் இந்தக் குடும்பத்தின் பங்கு 200-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரும்பாலானவை வெப்ப நாடுகளில் வாழ்கின்றன. நீளம் ஒரு மில்லி மீட்டரும் அதற்குச் சற்றுக் கூடுதலும் இருக்கும். சில இனங்களில் ஆண் வண்டின் தலை மஞ்சளாகவும் பெண் வண்டு முழுக் கறுப்பாகவும் இருக்கும். தொட்டால் தலையை மார்புக்கடியில் மடக்கிப் பந்து போலச் சுருண்டு கொள்ளும். அதனால் அது செத்துவிட்டதாகவோ, ஏதோ விதை ஒட்டியிருப்பதாகவோ எண்ணி விட்டுவிடுவார்கள்.

வண்டும் அதன் புழுவும் செதில் பூச்சியைத் தின்கின்றன. வெள்ளை ஈயையும் மாவுப்பூச்சியையும் தின்னும் இனங்களும் உண்டு. இதைவிடப் பெரியதான கறுப்புப் பொறிவண்டு ஒன்றும் அதே ஓலையில் மேயும். அதன் பெயர் கைலோகோரஸ் நைக்ரிடஸ். செதில் ஏராளமாக மண்டிக் கிடக்கும்போது பொறிவண்டு வேகமாகத் தின்று தீர்க்கும். செதில் குறைந்துவிட்டால் வேறிடம் தேடிப் போய்விடும். சிறிய வண்டுக்கோ சிறிது தீனியே போதும். அடுத்த பெருக்கம் தொடங்கும்போது அது அங்கேயே இருக்கக்கூடும். பெரிய கூலியாளும் வேண்டும், நிரந்தரக் காவலாளும் வேண்டும் என்பது தோப்புக்கும் பொருந்தும்.

பங்காளி வழக்கு

பூச்சி நூலில் குடும்பம் என்பது ஊரில் பங்காளி வகையறா என்பது போன்றது. உருவ ஒற்றுமையையும் பிறப்பு வழியையும் பார்த்து இன்னார் இன்ன வகையறா என்று சேர்ப்பார்கள். இந்தச் சிறு வண்டின் பேரினத்துக்கு 1844-ல் எரிக்சன் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டார். 1858-ல் ஜாக்லின் டுவால் என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்வகை வண்டுகளைத் தனியே ஒரு குழுவாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் பலரும் இதை நிட்டிடுலிடே என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளையாகவே வைத்திருந்தார்கள்.

நிட்டிடுலிடே குடும்பத்தார் யார்? அழுகும் பழத்திலும், மரத்தில் வடியும் சாற்றிலும், பூவிலும், பூசணத்திலும் மொய்ப்பவர்கள். கனிந்து வெடித்த பழங்களிலும், உலர்த்திச் சேமித்த பழங்களிலும் புகுந்து கெடுப்பவை அவற்றில் உண்டு. ஆப்பிரிக்காவில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவி, தேன்கூட்டைப் பாழாக்கும் சிறு வண்டும் அந்தக் குடும்பம்தான். செதில் தின்னும் நல்ல வண்டை இந்தக் கூட்டத்தில் சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? குடும்பப் பெயரை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்பவர் அதைப் பழம் கெடுக்கும் வண்டு என்று சொல்லிவிட இடமுண்டு. அந்த ஒரு வார்த்தையில் காவலாளி திருடனாகிவிடுவான்.

வேறுபாடு நுணுக்கமானது. நிட்டிடுலிடே வண்டின் பாதத்தில் ஐந்து கணுக்கள். சைபோசெபாலிடே வண்டின் பாதத்தில் நான்குதான். உடல் சுருளும் விதமும் வேறு; உணவும் வேறு. 1968-ல் எண்ட்ரோடி யுங்கா என்ற ஹங்கேரிய அறிஞர் இதைத் தனிக் குடும்பமாகவே கொண்டு விரிவான நூல் எழுதினார். ஆயினும் இரு தரப்பும் ஒத்துப் போகவில்லை. கடைசியில் 2014-ல், மரபணுவை ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சியின் அடிப்படையில் தனிக் குடும்பம் என்பது முறையாக நிலைநாட்டப்பட்டது. எரிக்சன் பெயரிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 170 ஆண்டு கழித்துப் பங்காளி வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. பழைய நூல்களையும் பழைய பட்டியல்களையும் பார்த்து எழுதுபவர்கள் இன்னும் பழைய குடும்பப் பெயரைச் சொல்வது உண்டு. பெயர் மாறியது தெரியாமல் இரண்டும் வேறு வேறு வண்டு என்று குழம்ப வேண்டாம்.

குடும்பம் மட்டும் போதுமா?

போதாது. கத்திரி பயிரிடுகிற எவருக்கும் இது தெரியும். கத்திரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டு, அசுவினியைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டின் சொந்தக் குடும்பம். முதுகில் புள்ளி இருப்பது இரண்டுக்கும் பொது. ஒன்று பகை, மற்றது நட்பு. எபிலாக்னா மங்கிய நிறத்தில், முதுகில் பல புள்ளிகளோடு, மெல்லிய ரோமம் போர்த்தியது போல் இருக்கும். அசுவினி தின்னும் பொறிவண்டு பளபளவென்று வழுவழுப்பாக இருக்கும். ஆகவே குடும்பம் தெரிந்தால் பாதி தெரிந்தது போல. இனம் தெரிந்தால்தான் முழுவதும் தெரிந்ததாகும்.

இனம் தவறினால் ஏற்படும் நட்டத்துக்கு வெளிநாட்டு உதாரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் பத்தங்காஸ் மாகாணத்தில் 2009-ஐ ஒட்டித் தென்னையில் செதில் பூச்சி பெருகத் தொடங்கியது. அது வழக்கமான தென்னஞ் செதில் பூச்சிதான், அதன் இயற்கை எதிரிகளே அடக்கிவிடும் என்று முதலில் எண்ணினார்கள். பூச்சி அடங்கவில்லை. சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான மரங்கள் பழுத்துக் காய்ந்தன. நன்கு ஆராய்ந்த பிறகுதான் அது அண்ணன் தம்பி போன்ற வேறோர் இனம் என்று தெரிந்தது. பெயர் சரியானதற்குப் பின்பே அதற்கு ஏற்ற ஒட்டுண்ணிக் குளவியை அடையாளம் கண்டு பெருக்கும் வேலை சூடு பிடித்தது.

கறுப்பு வண்டு வகையிலும் அப்படி ஒன்று நடந்தது. 1996-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து மயாமிப் பகுதியில், சைகஸ் என்னும் அழகுச் செடியைக் கொல்லும் செதில் பூச்சி காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து சைபோசெபாலிடே வண்டைக் கொண்டு போய் விட்டார்கள். வண்டு நிலைத்தது. ஆனால் முதலில் அதற்குச் சூட்டிய பெயர் வேறோர் இனத்தின் பெயர் என்று பின்னர் தெரியவந்து திருத்தினார்கள். பெரிய ஆய்வுக்கூடங்களிலேயே தடுமாற்றம் வருமென்றால், தோப்பில் நின்றுகொண்டு ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்வது எப்படிச் சரியாகும்?

இந்த நாட்டுக்கே பழைய பாடம் இருக்கிறது. காபியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டைத் தருவித்தார்கள். அந்தச் செதிலை அது அடக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்பதில்தான் அதன் திறமை வெளிப்பட்டது. இன்று மாவுப்பூச்சிக்கு அதையே வளர்த்து விடுகிறார்கள். மறுபுறம், இங்கே தோப்பில் தானாகத் திரியும் கைலோகோரஸ் பொறிவண்டை 1930-களின் பிற்பகுதியில் செஷல்ஸ் தீவுக்காரர்கள் இந்தியாவிலிருந்து தருவித்துத் தங்கள் தென்னையைக் காத்துக்கொண்டார்கள். கடல் கடந்து போய் மதிப்புப் பெற்ற வண்டு சொந்த ஊரில் மருந்துக்குப் பலியாகலாமா?

கவசம் பூண்டவன் பிழைக்கிறான்

மருந்தடிப்பில் உள்ள பெரிய அநியாயம் இதுதான். செதில் பூச்சி மெழுகுக் கவசத்துக்குள் இருக்கிறது. ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. தரையில் நின்று பீய்ச்சும் மருந்து உயர்ந்த மரத்துக்கு எட்டுவதே கடினம். எட்டினாலும் கவசத்துக்குள் இருக்கும் வளர்ந்த பூச்சியில் பெரும்பகுதி தப்பிவிடும். வண்டுக்கும், செதிலைத் துளைத்து முட்டையிடும் குளவிக்கும் அந்தக் கவசம் இல்லை. அவை ஓலை மேல் நாளெல்லாம் நடந்து திரிகின்றன. மருந்து பட்ட ஓலையில் கால் வைத்தாலே சாகும். திருடன் பிழைத்து, காவலாளி செத்த வீட்டில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செதில் முன்னைவிடப் பெருகும். மறுபடி மருந்து, மறுபடி மரம் ஏறும் கூலி, மறுபடி செலவு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரை இந்தச் சுழல்தான் கடனில் தள்ளுகிறது.

தாம்பரம் வட்டாரத்தில் இந்த ஆபத்து ஒரு மடங்கு கூடுதல். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. வயலும் தோப்பும் மனைகளாகி, மீதமுள்ள தென்னை கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. சாலை வேலை, கட்டட வேலை, லாரிப் போக்குவரத்து ஆகியவற்றால் எழும் புழுதி ஓலையில் படிகிறது. புழுதி படிந்த இலையில் சிறு குளவிகளும் வண்டுகளும் செதிலைத் தேடிப் பிடிப்பது கடினமாகிறது. செதில் பூச்சிக்கோ கவசத்துக்குள் எந்த இடைஞ்சலும் இல்லை. சாலையோர மரம் உள்ளே இருக்கும் மரத்தைவிட அதிகம் மஞ்சளித்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எட்டுகிற உயரத்தில் உள்ள கன்றுகளின் ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியைக் கழுவுவது செலவில்லாத வைத்தியம்.

பார்த்துவிட்டுப் பிறகு முடிவு

மருந்து வாங்கும் முன் விவசாயி ஒரு மணி நேரம் செலவிட வேண்டும். கீழ் அடுக்கில் மஞ்சளித்த கீற்றுகள் சிலவற்றை வெவ்வேறு மரங்களிலிருந்து எடுத்து, நிழலில் வைத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸால் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஊசியால் செதில்களை நெம்ப வேண்டும். உள்ளே மஞ்சளாக, ஈரமாக இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. காய்ந்து வெறும் கூடாக இருந்தால் செத்தது. செதிலின் மேல் சிறு வட்டத் துளை இருந்தால் உள்ளே வளர்ந்த குளவி வெளியேறியிருக்கிறது. செதில் ஓரம் கிழிந்து பிய்ந்திருந்தால் வண்டு மேய்ந்திருக்கிறது.

வண்டைக் கண்டால் குச்சியால் தொட்டுப் பார்க்கலாம். துள்ளிக் குதித்தால் அது இலையைத் துளைக்கும் தெள்ளு வண்டு வகை. உருளை வடிவில் நீண்டு, தண்டைத் துளைத்துத் தூள் தள்ளினால் அது துளைப்பான். பந்து போலச் சுருண்டு உருண்டால், அதுவும் செதில் கூட்டத்தின் நடுவிலேயே இருந்தால், பெரும்பாலும் அது காவலாளிதான். முள்முள்ளாக இருக்கும் சிறு புழு செதில்களிடையே ஊர்ந்தால் அது கறுப்புப் பொறிவண்டின் பிள்ளை. பார்க்க அருவருப்பாக இருக்கிறதென்று நசுக்கிவிடக் கூடாது.

செத்த செதிலும் வண்டும் நிறையத் தெரிந்தால் கை கட்டிக் காத்திருப்பதே சிறந்த விவசாயம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போக்கு விளங்கிவிடும்.

மரம் மஞ்சளித்துக் கொண்டிருக்கும்போது வண்டை வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாற்றிலும் இளங்கன்றிலும் செதில் மண்டி, நண்பர்கள் ஒருவரும் தென்படவில்லையென்றால் சும்மா இருக்கக் கூடாது. மிகவும் தாக்கப்பட்ட அடி மட்டைகளை வெட்டி அப்புறப்படுத்தலாம். பச்சை மட்டைகளை அதிகம் வெட்டினால் காய்ப்புக் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேப்ப எண்ணெய்க் கரைசல், மீன் எண்ணெய்ச் சோப்புக் கரைசல் போன்றவற்றை, அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, தாக்கப்பட்ட மரத்துக்கு மட்டும் தெளிக்கலாம். தோப்பு முழுவதும் ஒரே நாளில் கடும் விஷத்தை அடிப்பது மட்டும் கூடாது. சில மரங்களையாவது மருந்து படாமல் விட்டால் அங்கிருந்து வண்டு மீண்டும் பரவும்.

யார் செய்ய வேண்டும்?

பாத நுனியில் நான்கு கணுவா, ஐந்து கணுவா என்று எண்ணுவது விவசாயியின் வேலை அல்ல. அதற்கு நுண்பெருக்கியும் பயிற்சியும் வேண்டும். ஆனால் எண்ணிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்பது விவசாயியின் உரிமை.

சென்னையின் தென்பகுதிக்கு இதில் வசதிக் குறைவு கிடையாது. ஒரு காலத்தில் விவசாயக் கல்லூரியே சைதாப்பேட்டையில் இருந்தது. 1906-ல் கோவைக்குப் போனது. இன்றும் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் துறை இருக்கிறது. காட்டாங்கொளத்தூர், பரங்கிமலை, குன்றத்தூர் வட்டாரங்களில் வேளாண்மை அலுவலர்கள் இருக்கிறார்கள். இவர்களை இணைப்பதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டார விரிவாக்க மையத்திலும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்த ஊர்ப் பயிர்களில் கிடைக்கும் நல்ல வண்டு, கெட்ட வண்டு இரண்டையும் குத்தி வைத்து, தமிழில் பெயர் எழுதி மாட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கைலென்ஸ் கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். விவசாயி சிறு புட்டியில் கொண்டு வரும் பூச்சியைக் கல்லூரி மாணவர்கள் பார்த்து, இனம் சொல்லி, சந்தேகமானதைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாணவருக்குப் படிப்பு, விவசாயிக்குப் பலன்.

இந்த வண்டுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்பதும் முக்கியம். பெயர் இல்லாததை யாரும் காப்பாற்றுவதில்லை. பொறிவண்டு என்ற பெயர் இருப்பதால்தான் பள்ளிப் பிள்ளைகள்கூட அதைக் கொல்லக் கூடாது என்று சொல்கிறார்கள். சைபோசெபாலிடே என்ற சொல் எந்தத் தோப்பிலும் நிலைக்காது. செதில் தின்னி என்றோ, சுருள் வண்டு என்றோ துறையினர் ஒரு பெயரை முடிவு செய்து துண்டுப் பிரசுரங்களில் வழங்கினால், இரண்டு பருவத்தில் அது ஊர்ப்பேச்சில் ஏறிவிடும்.

பாம்பென்றால் எல்லாம் நாகம் என்று அடித்த காலம் இருந்தது. எலியைத் தின்னும் சாரையை விட்டுவிட வேண்டும் என்று கிராமத்தார் பிறகு கற்றுக்கொண்டார்கள். வண்டு விஷயத்திலும் அந்த அறிவு வர வேண்டும். நூலோர் 170 ஆண்டு வாதாடி அதன் குலத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் ஒரு கீற்றைத் திருப்பிப் பார்க்கும் வேலைதான் விவசாயிக்கு மிச்சம்.